பிழைக்கான காரணம்

ஜனவரி 8

பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் மாதிரிச் செய்முறைத் தேர்வு முடிந்தது. முதல் பிரிவில் பத்தொன்பது பேருக்கு முழு மதிப்பெண். இரண்டாம் பிரிவில் இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆளுக்கு மூன்று மதிப்பெண் போயிற்று. இது அகமதிப்பீட்டில் சேரும். தலைமையாசிரியர் சொர்ணலிங்கம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அதுகளுக்குக் கை நிதானம் வராது சார், என்ன செய்ய?" என்றார். அவர் வரலாறு எடுத்தவர். அறிவியலில் இவ்வளவு துணிச்சலான முடிவுக்கு வர வரலாற்று ஆசிரியரால்தான் முடியும்.

பிரிவுகள் அகர வரிசைப்படி பிரிக்கப்படுவதாகக் கோப்பில் இருக்கிறது. எங்கள் பள்ளியின் அகர வரிசை ஊரின் தெரு வரிசையைப் பின்பற்றும். வடக்குக் காலனியில் பிறந்தவர்களுக்குப் பெயர் எந்த எழுத்தில் தொடங்கினாலும் இரண்டாம் பிரிவுதான்.

மிக்ஸி ஜாரின் வாஷர் போய்விட்டது. மனைவி பத்மா மூன்று நாளாகச் சொல்கிறாள்.

ஜனவரி 9

சுபரஞ்சினி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். இரண்டாம் பிரிவு. முதல் மூன்று ரேங்குக்குள் வருகிற பெண். விவசாயக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று அரை மதிப்பெண் கணக்கில் படிக்கிறவள்.

"சார், எங்க பேட்ச்ல இருபத்திரண்டு பேருக்கும் அளவு குறைச்சலாத்தான் வந்திருக்கு. ஒருத்தருக்குக்கூடக் கூடுதலா வரலை."

"அதனால?"

"கை தப்புன்னா சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். எல்லாருக்கும் ஒரே பக்கம் சாஞ்சா கையைச் சந்தேகப்படாத, கருவியைச் சந்தேகப்படுன்னு நீங்கதான சார் ஜூலைல நடத்துனீங்க."

நடத்தினேன். பாடம் நடத்துவதில் உள்ள ஆபத்து இது. எப்போதாவது ஒருவர் கவனித்துவிடுகிறார்.

விஷயத்தை இங்கே எழுதி வைக்கிறேன். பிப்பெட் என்பது நடுவில் புடைத்த கண்ணாடிக் குழாய். வாயால் உறிஞ்சி, குறி வரை கரைசலை ஏற்றினால் சரியாக இருபது மில்லி இருக்கும். உறிஞ்ச ரப்பர் குமிழ் இருக்கிறது. ஆறு வாங்கினோம். ஆய்வு அதிகாரி வரும் அன்று அவை தலைமையாசிரியரின் பீரோவிலிருந்து வெளியே வந்து, மாலையில் வீடு திரும்பும். மற்ற நாட்களில் வாய்தான். வாய் என்றால் எச்சில். எச்சில் என்றால் ஊர். ஆகவே இரண்டாம் பிரிவின் பிப்பெட்டுகள் தனி அலமாரியில், கழுத்தில் சிவப்பு நூல் கட்டி இருக்கும். எல்லாம் பழையவை. கண்ணாடியில் பொறித்த குறி தேய்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். பிள்ளைகள் நூலையே குறியாக வைத்துக்கொள்வார்கள்.

நான் இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே இருந்த ஏற்பாடு. இதை நான் எப்போதும் மனதுக்குள் வன்மையாகக் கண்டித்து வந்திருக்கிறேன்.

"நூலு குறி மேலதான் கட்டியிருக்கா சார்?" என்று கேட்டாள்.

பாடத்தைப் படி என்றேன்.

ஜனவரி 11

ஆய்வக உதவியாளர் கோமதிநாயகம் மூச்சிரைக்க வந்தார்.

"சார், அந்தப் புள்ள நம்ம பிப்பெட்டு ரெண்டைத் தூக்கிட்டு ஃபிசிக்ஸ் லேபுக்குப் போயிருக்கு. நூல் கட்டுனது ஒண்ணு, கட்டாதது ஒண்ணு. தராசு வேணுமாம்."

"கொடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்க சார். ஒரு பொண்ணு தண்ணிய நிறுத்துப் பாக்கணும்னா யாருக்கு என்ன தோணும்?"

யாருக்கும் ஒன்றும் தோன்றாது. இந்த நாட்டில் தண்ணீரை எடை போட்டுப் பார்த்தால் என்னவெல்லாம் வெளியே வரும் என்று இயற்பியல் துறைக்குத் தெரியாது.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். பத்மா தையல் மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு, "சிவப்பு நூல்கண்டு எங்க?" என்று தேடினாள். பிறகு அவளே, "ஜூன் மாசம் ஸ்கூலுக்குன்னு எடுத்துட்டுப் போனீங்களே. வருஷா வருஷம் கேக்கீங்களே, அங்க யாரு சட்டை தைக்கா?" என்றாள்.

இது பொருத்தமற்ற தகவல். வாஷர் வாங்கி மாட்டினேன். அளவு சேரவில்லை.

ஜனவரி 22

ரெகார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போடும் நாள். பன்னிரண்டு ஆய்வுகள். ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆசிரியர் கையெழுத்து வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் பொதுத்தேர்வின் செய்முறைக்கு அனுமதி இல்லை. இந்த விதியை ஆண்டுதோறும் நான்தான் மிரட்டலாகப் பயன்படுத்துவேன்.

சுபரஞ்சினியின் நோட்டில் பதின்மூன்று இருந்தது.

'ஆய்வு எண் 13. நோக்கம்: சிவப்பு நூல் கட்டிய பிப்பெட்டின் கொள்ளளவை எடை மூலம் கண்டறிதல்.' தேவையான பொருட்கள், செய்முறை, அட்டவணை, பத்து அளவீடுகள். நூல் கட்டாதது சரியாக அளக்கிறது. நூல் கட்டியது 0.52 மில்லி குறைவாக அளக்கிறது. பிழை 2.6 சதவீதம். எங்கள் தேர்வில் இரண்டு சதவீதம் வரை பிழையை மன்னிப்போம். அதற்கு மேலே போனால் மூன்று மதிப்பெண் குறைப்போம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது.

கடைசித் தலைப்பு 'பிழைக்கான காரணம்'. அதன் கீழ் எட்டு கோடுகள் வெறுமனே இருந்தன.

"இது ஏம்மா காலியா இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சவங்கதான எழுதணும்."



"இந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு வா. பன்னிரண்டுக்கும் போட்டுத் தாறேன்."

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு சார். கிழிச்சா நோட்டே செல்லாது. நீங்கதான நம்பர் போடச் சொன்னீங்க."

நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பையில் டிபன் பாக்ஸுக்குக் கீழே இருக்கிறது.

ஜனவரி 24

ஒரு தப்பு கண்டுபிடித்துவிட்டேன். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்று எடுத்திருக்கிறாள். இருபத்தெட்டு டிகிரியில் அப்படி இல்லை. அடர்த்தி 0.9962. சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் இன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 25

திருத்திக் கொண்டுவந்துவிட்டாள். குறைவு 0.45 மில்லி. பிழை 2.25 சதவீதம்.

"நீங்க சொன்னது சரிதான் சார். பிழை குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் ரெண்டுக்கு மேலதான் இருக்கு."

மறுபடியும் நோட்டை வாங்கிப் பையில் வைத்தேன். வாங்குவது மட்டும் எனக்கு நன்றாக வருகிறது.

ஜனவரி 29

தலைமையாசிரியர் அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்ன சார், பதிமூணாவது ஆய்வுன்னு என்னமோ பேசிக்கிடுதாங்க?"

சொன்னேன். இயற்பியல் பகுதியை விட்டுவிட்டு மீதியைப் புரிந்துகொண்டார்.

"இதுல கையெழுத்துப் போட்டா என்ன அர்த்தம்?"

"ஆய்வை ஆசிரியர் சரிபார்த்தார்னு அர்த்தம்."

"அப்ப போடாதீங்க. நான் மே மாசம் ரிட்டையர்டு. அடுத்து யாருன்னு ஸ்கூல் கமிட்டில உங்க பேரைத்தான் பேசிட்டிருக்காங்க. நூலுதான பிரச்சினை? நாளைக்கே அறுத்துருவோம். அந்தப் புள்ளைக்கு மட்டும் அந்த மூணு மார்க்கைப் போட்டு விட்டுருங்க. பாவம், படிக்கிற புள்ள."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் போட்டா தப்பு நம்ம மேலல்லா வரும்?"

பன்னிரண்டு ஆண்டில் அவர் சொன்ன ஒரே அறிவியல்பூர்வமான வாக்கியம்.

ஜனவரி 30

காலை வணக்கக் கூட்டத்தில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. தலைமையாசிரியர் கணீரென்று வாசித்தார். எழுநூறு பிள்ளைகளும் திருப்பிச் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் குரல் நன்றாக இருந்தது என்று தமிழாசிரியர் பாராட்டினார்.

மதியம் கோமதிநாயகம் பிளேடை எடுத்து இருபத்திரண்டு நூல்களையும் அறுத்தார். அரை மணி நேர வேலை. எத்தனையோ ஆண்டுகளாக யாருக்கும் அந்த அரை மணி கிடைக்கவில்லை.

பிறகு பிப்பெட்டுகள் கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் உச்சியிலும் நீல பெயின்ட்டில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லித் தலைமையாசிரியர் உத்தரவிட்டார். கோமதிநாயகம் வைத்தார். தனி அலமாரி தனி அலமாரியாகவே இருக்கிறது.

பிப்ரவரி 1

சுபரஞ்சினியை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன்.

"உனக்கு அந்த மூணு மார்க்கைச் சேர்த்துடுறேன். நூலையும் எடுத்தாச்சு. இனிமே யாருக்கும் பிழை வராது. அந்தப் பக்கத்துல 'ரத்து'ன்னு எழுதிக் கோடு போட்டுடு, கையெழுத்துப் போட்டுடலாம்."

"எனக்கு மட்டுமா சார்?"

"உன் கட்-ஆஃபை நினைச்சுப் பாரு."

"நெனைச்சுத்தான் சார் வந்திருக்கேன். எனக்கு மட்டும் போட்டா மிச்ச இருபத்தோரு பேருக்கும் நெசமாவே கை சரியில்லன்னு ஆயிரும். முன்னாடி படிச்சவங்களுக்கும் அப்படித்தான்."

"முன்னாடி படிச்சவங்க உங்கிட்ட வந்து கேட்டாங்களா?"

"உங்ககிட்ட வந்து கேட்டாங்களா சார், குறைச்சுப் போடுங்கன்னு?"

திமிர் என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சொல்லை எங்கள் பள்ளியில் யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததால் இருமினேன்.

"பன்னிரண்டாம் தேதி பரீட்சை. கையெழுத்து இல்லாம உள்ள விடமாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும் சார். வெளிய நிப்பேன். பரீட்சை எடுக்க வெளியூர்ல இருந்து வர்ற எக்ஸ்டர்னல் ஏன் நிக்கேன்னு கேப்பாரு. சொல்லுவேன்."

"ஒரு வருஷம் போயிடும்மா."

"போகும்."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதினேழு வயது. அப்போதுதான் கவனித்தேன், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையின் நிதானத்தைப் பற்றித்தான் நாங்கள் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 3

சரியான வாஷர் கிடைத்தது. சட்னி அரைபட்டது. வேறு சாதனை இல்லை.

பிப்ரவரி 8

பத்மா என் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுக்கும்போது நோட்டைப் பார்த்துவிட்டாள். நின்றுகொண்டே படித்தாள். அவள் பி.எஸ்ஸி. தாவரவியல்.

"இதை நீங்கதான மொதல்ல பாத்தீங்க?"

"எதை?"

"நூலு எறங்கிக் கெடக்குதுன்னு. அந்த ஸ்கூல்ல சேந்த வருஷமே வந்து சொன்னீங்களே. நான்கூட, அப்ப மேல ஏத்திக் கட்டச் சொல்லுங்கன்னேன். புதுசா வந்தவன் எதுக்கு வாயைக் குடுக்கணும்னுட்டு டி.வி. போட்டுட்டீங்க."

"அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்கு."

பத்மாவுக்கு ஞாபக சக்தி அதிகம். நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். மிக்ஸி, அவளுடைய தம்பி, அவள் வாங்கிய திரைச்சீலை ஆகியவற்றைப் பற்றிப் பேசினேன். அவள் நோட்டை மேசைமேல் திறந்தபடியே வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 9

எழுதினேன். இடைவேளையில் கொடுத்தேன். நான் எழுதியது:

'கருவியின் குறி காலப்போக்கில் தேய்ந்துபோனதால், சில மாணவர்களுக்குச் சிறிய பிழை நேர்ந்திருக்கலாம்.'

எழுதியபோது கௌரவமாக இருந்தது. பென்சிலால் எழுதியிருந்தேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவள் நின்றபடி படித்தாள்.

"சார், சிலன்னா எத்தனை?"

நோட்டை வாங்கக் கையை நீட்டினேன்.

"சிறியன்னா எவ்வளவு? அதை அளந்து எழுதியிருக்கேன். நேர்ந்திருக்கலாம்னா என்ன சார், நேர்ந்துச்சா இல்லையா? ஒன்பதாவது ஆய்வுல நான் 'சுமார்'னு எழுதினதுக்கு நீங்க ரெண்டு கோடு போட்டு அடிச்சீங்க."

"வேற எப்படிம்மா எழுதச் சொல்ற?"

"ரெகார்டு மாதிரி."

ரப்பரால் அழித்துவிட்டு நோட்டைத் திரும்ப என்னிடமே நீட்டினாள். இந்தத் தொழிலில் முப்பது ஆண்டு. என் வீட்டுப்பாடம் முதல்முறையாகத் திரும்பி வந்திருக்கிறது.

பிப்ரவரி 11

ஞாயிறு. வாட்ச்மேனிடம் சாவி வாங்கிப் பள்ளிக்குப் போனேன். பதினோரு ஆண்டுகளின் பொதுத்தேர்வு முடிவுப் பட்டியல்களை எடுத்து, இரண்டாம் பிரிவுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணினேன். ஒரு மணிக்கு முடிந்தது. கூட்டிப் பார்த்தேன். இன்னொரு முறை கூட்டினேன். குறையவில்லை.

யார்மீது கோபப்படுவது என்று தேடிப் பார்த்தேன். ஆய்வகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை.

பிப்ரவரி 12

எட்டரைக்குப் பள்ளி. எக்ஸ்டர்னல் வந்து தலைமையாசிரியர் அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுபரஞ்சினி ஆய்வக வாசலில் நின்றாள். மற்ற இருபத்தோரு பேரும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

நோட்டைக் கொடுத்தேன். பேனாவால் எழுதியிருந்தேன்.

'பிழைக்கான காரணம்: எந்தப் பிப்பெட்டில் எந்தத் தெருவின் வாய் பட்டது என்று அடையாளம் வைக்க நூல் கட்டப்பட்டது. நூல், பொறித்த குறிக்கு 2.3 செ.மீ. கீழே இருந்தது. பழைய நூலின் கறை விழுந்த இடத்திலேயே ஒவ்வோர் ஆண்டும் புதிய நூல் கட்டப்பட்டதால் பிழையும் மாறவில்லை. நூலை ஆண்டுதோறும் என் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தேன். அது குறிக்குக் கீழே இருப்பதை 2012 ஜூலையில் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மதிப்பெண்ணை மட்டும் குறைத்தேன். பாதிக்கப்பட்ட மாணவர்கள், இந்த ஆண்டையும் சேர்த்து: 226.'

படித்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. விரலை எண்ணின்மேல் வைத்தாள்.

"இது எதுல இருந்து எடுத்தீங்க சார்?"

"ரிசல்ட் லிஸ்ட்ல இருந்து."

"அதுல பரீட்சை எழுதினவங்க பேருதான இருக்கும்?"

"ஆமா."

"நூறு சதவீதம் பாஸ் காட்டணும்னு ஜனவரில டி.சி. குடுத்து அனுப்புனவங்க பேரு அதுல எப்படி சார் இருக்கும்? கெமிஸ்ட்ரி செய்முறைல மார்க் பத்தாது, தனியா எழுதிக்கோன்னுதான அவங்களை அனுப்புனீங்க?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ஆண்டுவாரியாகப் பதினேழு பெயர். எல்லாப் பெயரும் எனக்குத் தெரியும். ஏழாவது, செல்வக்கனி. துளித் துளியாகக் கரைசலை விட்டு நிறம் மாறும் இடத்தில் சரியாக நிறுத்துவான். அந்தக் கையைப் பார்த்து நானே வியந்திருக்கிறேன். அவனுடைய அளவு ஒவ்வொரு முறையும் துல்லியமாகக் குறைந்தே வரும். டி.சி.யில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று எழுதியது நான்.

226ஐ அடித்தேன். பக்கத்தில் 243 என்று எழுதி, திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் வைத்தேன். பிறகு அடியில் முழுக் கையெழுத்து, தேதி. வராந்தா முனையில் தலைமையாசிரியர் நின்றார். கையில் இட்லிப் பொடி ஒட்டியிருந்தது.

"போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன் சார்."

"அப்ப கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"பதிமூணாவது ஆய்வைப் படிச்சுக் காட்டுங்க. நீங்க வாசிச்சா கணீர்னு இருக்கும்."

அவர் போய்விட்டார். போன வேகத்தைப் பார்த்தால் மதியத்துக்குள் தொலைபேசி வரும் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கே வந்தது. நாளை கமிட்டி முன் நிற்க வேண்டும்.

பரீட்சை நடந்தது. இருபத்திரண்டு பேரும் பிப்பெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தேய்ந்த குறியைத் தேடி எடுத்து, அதுவரை ஏற்றினார்கள். இருபது பேருக்கு இரண்டு சதவீதத்துக்குள் வந்தது. இருவருக்குக் கூடுதலாகப் போய்விட்டது. இரண்டாம் பிரிவில் அந்தப் பக்கம் தவறியவர்களை நான் பார்த்ததே இல்லை.

எக்ஸ்டர்னல் பதின்மூன்றாம் ஆய்வை இரண்டு முறை படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நோட்டின் முகப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நோட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். ஒன்று மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு. இன்னொன்றை வைத்துக்கொண்டு வாசலில் சுபரஞ்சினியை நிறுத்தினேன்.

"செல்வக்கனி வீடு எங்கம்மா இருக்கு?"

"வடக்குக் காலனில சார்."

"வடக்குக் காலனில எங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் முகத்தில் கோபம் வெளிப்படையாகத் தெரிந்தது அப்போதுதான்.

"பன்னிரண்டு வருஷமா எங்களுக்குப் பாடம் எடுக்கீங்க. ஒரு தடவைகூட அந்தப் பக்கம் வந்ததில்லையா சார்?"

இல்லை என்றேன்.

வழி சொன்னாள். ரயில்வே கேட்டைத் தாண்டி இடது பக்கம். பள்ளியிலிருந்து ஏழு நிமிட நடை.